சிட்டு குடித்த தண்ணீர்

ஒரு பெண் நாயின் உடலுக்குத் தான் சினையாக இருக்கிறோமா இல்லையா என்பது தெரியாது. பருவத்துக்கு வந்து போன பிறகு, இணை சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், அதன் சினைப்பை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். பெண்களுக்கு அப்படியில்லை. கரு தங்கவில்லை என்றால் சுமார் 14 நாளில் உடல் அந்தக் கணக்கை முடித்துவிடும். பசு இன்னும் கறார். சினை பிடிக்கவில்லை என்றால் அதன் கர்ப்பப்பையே சினைப்பைக்குத் தகவல் அனுப்பி ஹார்மோனை நிறுத்தச் சொல்லும். 21 நாளில் மாடு மறுபடி கத்தும். மாடு வளர்க்கிற எல்லோருக்கும் இந்த 21 மனப்பாடம். நாயின் கர்ப்பப்பைக்கு அப்படித் தகவல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. வராத குட்டிகளுக்காக இரண்டு மாதம் வீட்டைப் பெருக்கி, மெழுகி, கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு அது காத்திருக்கும்.

நோய் அந்தக் காத்திருப்பில்தான் வந்து நுழைகிறது. புரோஜெஸ்டிரோன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும். சுரப்பிகளைச் சுரக்கவிடும். தசைகள் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும். கர்ப்பப்பை வாயை மூடும். குட்டியை அந்நியப் பொருள் என்று நினைத்து வெள்ளணுக்கள் தாக்கிவிடாதபடி உள்ளே எதிர்ப்பைக் குறைத்து வைக்கும். எல்லாமே குட்டிக்கான சௌகரியங்கள். குட்டி இல்லாவிட்டால் அத்தனை சௌகரியமும் கிருமிக்குப் போய்ச் சேர்கிறது. பருவ நாட்களில் வாய் திறந்திருக்கும்போது மேலே ஏறிவிட்ட கிருமி, பெரும்பாலும் குடலில் சாதுவாக இருக்கும் அதே ஈ.கோலை, அங்கே தங்கிப் பெருகிவிடும். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் உள்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, சிறு நீர்க்கட்டிகள் விழுந்துவருவதால் நாய்க்கு வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. மருத்துவர்கள் இதை பயோமெட்ரா என்பார்கள். சீழ், கர்ப்பப்பை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. எங்கள் ஊரில் 'கர்ப்பப்பையில சீழ் வச்சிருச்சு' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இது எவ்வளவு பரவலான நோய் என்பது ஸ்வீடன் கணக்கிலிருந்துதான் உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாட்டில் நாய்களுக்குக் கருத்தடை செய்வது வெகுகாலம் வழக்கமாக இல்லை. ஆனால் நாய்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது வழக்கம். ஆக, கர்ப்பப்பையோடு வாழும் பெண் நாய்கள் லட்சக்கணக்கில், அவற்றின் வைத்தியச் செலவுக் கணக்கோடு கிடைத்தன. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னது: 10 வயதுக்குள் ஐந்தில் ஒன்றுக்கோ நான்கில் ஒன்றுக்கோ இந்த நோய் வந்துவிடுகிறது. அபூர்வ நோய் என்று சொல்லவே முடியாது.

*

எங்கள் வீட்டில் இது சிட்டுவுக்கு வந்தது. சிட்டு, கன்னி நாய். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு, பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற இடுப்பு. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்துவிடும் நாய் என்பதால் கன்னி என்று பெயர் வந்ததாக எங்கள் பக்கம் சொல்வார்கள். கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் முயலுக்கு ஓடிய இனம். பக்கத்துச் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இனத்துக்கு நெருங்கிய சொந்தம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் இராஜபாளையம் இருந்தது, கன்னி இல்லை. இன்றைக்கும் அப்பா அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார்.

தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வழியில் வந்த நாய்கள். சிட்டு ஆறாவது என்று அப்பா விரல்விட்டு எண்ணிச் சொல்வார். அவளோடு பிறந்தவற்றில் இரண்டு செத்துவிட்டன, ஒன்றை வாங்கிப் போனவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒருமுறையும் குட்டி போட்டதில்லை. நல்ல கடுவன் கிடைக்கவில்லை என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை. தீபாவளிக்கு நான் ஊரில் இருந்தேன். அம்மாதான் முதலில் சொன்னாள்.

"என்ன இது, மழைக்காலத்துல இந்த நாய் இம்புட்டுத் தண்ணி குடிக்குது? சட்டில ஊத்துன தண்ணி நிக்க மாட்டேங்குது."

மறுநாள் அம்மா அளந்தே ஊற்றினாள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். சிட்டு 18 கிலோ. ஒரு நாய் தன் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் ஏதோ கோளாறு என்று பிறகு தெரிந்துகொண்டோம். அந்தக் கணக்குப்படி சிட்டுவின் எல்லை 1.8 லிட்டர். ராத்திரி அவள் திண்ணையிலேயே சிறுநீர் விட்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அப்படிச் செய்யாதவள். காலையில் வாலுக்குக் கீழே காபிப்பொடி நிறத்தில் ஒரு கசிவு. நாற்றம்.

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் காட்டியதும் அங்கிருந்தவர், தாமதிக்காமல் ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். மதுரையில் ஒரு தனியார் கிளினிக். டாக்டரம்மா சிட்டுவின் வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். நாயின் கர்ப்பப்பை நம்முடையது போல ஒரு பை அல்ல. ஒய் எழுத்து வடிவில் பிரிந்துபோகும் இரண்டு நீளமான கொம்புகள். சாதாரணமாக ஸ்கேனில் அவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிட்டுவின் வயிற்றில் தேடத் தேவையே இருக்கவில்லை. திரையில் இரண்டு கருப்புக் குழாய்கள், உள்ளே மெல்ல அசைகிற திரவம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் 34,000. நாய்க்கு 17,000 வரை இருக்கலாம். கிரியேட்டினின் சரியாக இருந்தது, காய்ச்சல் லேசாக.

"இவ தாகத்துக்குக் குடிக்கல" என்றார் டாக்டர். "ஈ.கோலையோட நச்சு சிறுநீரகத்தைக் குழப்பிடும். தண்ணியைப் பிடிச்சு வைன்னு மூளை அனுப்புற உத்தரவு அங்க எடுபடாது. தண்ணி எல்லாம் வெளிய போயிடும். போற தண்ணியை ஈடுகட்டத்தான் குடிக்கிறா."

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "என்ன செய்யணும்மா?"

"ஆபரேஷன். சினைப்பையையும் கர்ப்பப்பையையும் சேத்து எடுத்துடணும். அதுதான் முதல் வைத்தியம், நிச்சயமான வைத்தியம்."

அப்பா பேசாமல் சிட்டுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இதோட எங்க வழி அத்துப் போகும்மா. எடுக்காம ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே வெடித்துவிட்டாள்.

"எனக்கு எடுத்தப்ப ஒரு நிமிசம் யோசிச்சீகளா? நார்க்கட்டின்னு சொன்னாக, கையெழுத்துப் போடச் சொன்னாக, எடுத்தாக. எடுக்காம முடியாதான்னு ஒரு சொல்லு யாராச்சும் கேட்டீகளா? நாய்க்கு மட்டும் என்ன பஞ்சாயத்து?"

அம்மாவுக்கு அப்போது 41 வயது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆபரேஷனைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பேசியதே இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

*

ஆபரேஷன் இல்லாமல் இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு. ஆனால் எந்த நாய்க்கு அது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாய்க்கு வயது அதிகமாகியிருக்கக் கூடாது. அதனிடமிருந்து குட்டி எடுக்க வேண்டும் என்ற உண்மையான காரணம் இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய் திறந்து சீழ் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டிருக்கக் கூடாது. நாய் எழுந்து நடக்க வேண்டும், கொஞ்சமாவது சாப்பிட வேண்டும். வைத்தியம் பலிக்க நாள் பிடிக்கும், அந்த நாட்களைத் தாங்கும் தெம்பு அதற்கு வேண்டும். நடுவில் நிலைமை மோசமானால் அந்த நிமிஷமே ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டும்.

"இன்னொண்ணு" என்றார். "இது நோயைத் துடைச்சு எடுக்கிற வைத்தியம் இல்லைங்கய்யா. கெட்டுப்போன சுவர் அப்படியேதான் இருக்கும். அடுத்த பருவத்துக்கு அப்புறம் திரும்ப வரலாம். அதனால அடுத்த பருவத்துலயே இணை சேர்த்துடணும். குட்டி எடுத்ததும் ஆபரேஷன் பண்ணிடணும். இதுக்கு ஒத்துக்கிட்டா ஆரம்பிக்கிறேன்."

யாருக்கு இந்த வைத்தியம் ஆகாது என்பதை அன்றைக்கே கண்ணால் பார்த்தோம். எங்களுக்கு அடுத்து வந்தவர் ஒரு பொமரேனியனைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். 11 வயது. வயிறு பானை மாதிரி. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. மூன்று நாளாக வாந்தி. வாய் மூடிய வகை. கசிவு இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, தெரியும்போது நாய் படுத்துவிடுகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததாலோ என்னவோ, அவரும் கேட்டார்: "கத்தி வேணாம் டாக்டர். ஊசியிலயே கரைச்சிடுங்க."

"வாய் கட்டின சாக்கை மிதிச்சா எங்க கிழியும்னு சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஊசியை மூடிய பையில் போட்டால், சீழ் வெளியே வழி கிடைக்காமல் வயிற்றுக்குள் சிந்திவிடலாம். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம். டிரிப்ஸ் ஏற்றி, அன்று இரவே அதற்கு ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது அந்தக் கிழவி தன் காலிலேயே நடந்து ஆட்டோவில் ஏறியது. ஆபரேஷன் என்றால் பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய காட்சி அது. வேளையோடு வந்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன.

*

சிட்டுவுக்குக் கொடுத்த மருந்துகளின் கதை, அவளைவிட நீளமாக ஓடும்.

முதல் மருந்து, புரோஜெஸ்டிரோனை வேலை செய்ய விடாமல் தடுப்பது. ஹார்மோன் தனியாக எதையும் செய்துவிடாது. கர்ப்பப்பையின் செல்களில் அதற்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார வேண்டும். இந்த மருந்து, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தபின் ஒரு வேலையும் செய்யாது. ஹார்மோன் ரத்தத்தில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்ந்ததும் கர்ப்பப்பை வாய் திறக்கும், தசைகள் விழிக்கும், வெள்ளணுக்கள் உள்ளே வரும். நாய்க்கென்றே உருவானது அக்லெப்ரிஸ்டோன் என்ற ஊசி. ஐரோப்பாவில் அதைத்தான் போடுகிறார்கள். முதல் நாள், இரண்டாம் நாள், எட்டாம் நாள், தேவைப்பட்டால் பதினைந்தாம் நாளும். "அது நம்ம கைக்கு வர்றதில்ல" என்று சொல்லி, அதே குடும்பத்தின் மூத்த பிள்ளையான மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மிஃபெப்ரிஸ்டோன் மனிதர்களின் மருந்து. பிரான்சின் ரூஸல் உக்லாஃப் கம்பெனி 1980இல் உருவாக்கியது, அந்தக் கம்பெனியின் எழுத்துகளோடு ஆர்.யூ. 486 என்று உலகமெல்லாம் பேசப்பட்டது. கருக்கலைப்புக்கான மாத்திரை என்பதால் 1988இல் பிரான்ஸ் அனுமதித்தபோது பெரிய சண்டையே நடந்தது. இந்தியாவில் 2002இல் அனுமதி. அந்த மாத்திரையை நான் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கியபோது, கடைப்பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சீட்டைப் பார்த்தான். "நாய்க்கு" என்றேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை.

இரண்டாவது மருந்து புரோஸ்டாகிளாண்டின். கர்ப்பப்பையைச் சுருக்கிச் சீழை வெளியே தள்ளுவது, சினைப்பையில் ஹார்மோன் சுரக்கிற திட்டைக் கரைப்பது என இரண்டு வேலை. 1935இல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் இதற்குப் பெயர் வைத்தபோது, விந்துத் திரவத்தில் இருப்பதால் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். பிறகு உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் இதைத் தயாரிக்கின்றன என்று தெரிந்தது. பெயர் மட்டும் ஆணின் பெயராகவே நின்றுவிட்டது. பசுவின் கர்ப்பப்பை சினைப்பைக்கு அனுப்பும் தகவல் என்று மேலே சொன்னேனே, அதுவும் இதுதான். இவற்றை ஆராய்ந்த மூவருக்கு 1982இல் நோபல் பரிசு. இருவர் ஸ்வீடன்காரர்கள், ஒருவர் ஆங்கிலேயர்.

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் மாடு பருவத்துக்கு வராவிட்டால் போடும் ஊசி இதன் செயற்கை வடிவம். குளோபுரோஸ்டெனால். மாட்டுக்கு 500 மைக்ரோகிராம். நாய்க்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் போதும். அதாவது சிட்டுவுக்கு மாட்டின் அளவில் இருபத்தெட்டில் ஒரு பங்கு. அந்தச் சிறு குப்பியிலிருந்து ஒரு துளியை எடுத்து சலைனில் கலந்து, அதிலிருந்து அளந்து எடுத்தார் டாக்டர். ஒரு புள்ளி இடம் மாறினால் நாய் போய்விடும். வீட்டில் செய்து பார்க்கிற காரியம் அல்ல. அந்த ஊசியை எடுப்பதற்கு முன் கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண்ணை, "நீ வெளிய இரும்மா" என்று அனுப்பிவிட்டார். அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். தோலில் பட்டாலே உள்ளே போய்விடும் மருந்து அது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கிட்டேயே வரக் கூடாது.

இரண்டு நாள் மாத்திரை. மூன்றாம் நாள் முதல் ஊசி. ஐந்து நிமிஷத்தில் சிட்டுவுக்கு இளைக்க ஆரம்பித்தது. எச்சில் நூலாக ஒழுகியது. வாந்தி எடுத்தாள், குந்திக் குந்திப் போனாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டதுபோல முதுகை வளைத்தாள். எல்லாம் எதிர்பார்த்ததுதான், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நடக்க விடுங்கய்யா, நடந்தா கொஞ்சம் தாங்கும்."

அப்பா அவளைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இந்தா முடிஞ்சுபோச்சு, இந்தா முடிஞ்சுபோச்சு தாயி" என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே நடந்தார். ஏழு நாள் ஏழு ஊசி. மதுரையில் அத்தை வீட்டில் தங்கினோம். ஒவ்வொரு நாளும் வேப்பமரம். இரண்டாவது ஊசியில் சீழ் திறந்து கொட்டியது. நாலாவதுக்குப் பிறகு வாந்தி குறைந்தது. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் மூன்று வாரம். பத்தாம் நாள் ஸ்கேனில் அந்தக் கருப்புக் குழாய்கள் சுருங்கிக் கோடாகியிருந்தன. அம்மா சட்டியில் ஊற்றிய தண்ணீரில் பாதி, மாலை வரை அப்படியே கிடந்தது.

கடைசி நாள் அம்மா டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் டாக்டரம்மா, மனுசங்களுக்கு நார்க்கட்டிக்கு இந்த மாதிரி மாத்திரை, ஊசின்னு உண்டா?"

"நான் மாட்டு டாக்டர்மா. ஆனா மருந்து உண்டு. எல்லாருக்கும் கேக்காது. கட்டியோட அளவு, எங்க இருக்கு, எல்லாம் பாக்கணும்."

"சரி" என்றாள் அம்மா. "சும்மாதான் கேட்டேன்."

*

அடுத்த பருவம் பங்குனியில் வந்தது. கழுகுமலைப் பக்கமிருந்து ஒரு கடுவனை அப்பா முன்பே பேசி வைத்திருந்தார். இரண்டு முறை இணை சேர்த்தோம். 28ஆம் நாள் ஸ்கேன். டாக்டர் வெகுநேரம் தேடினார். குட்டி இல்லை. சீழும் இல்லை. சுவரில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரிந்தன.

இன்னொரு பருவம் பார்க்கலாம், ஆனால் அதுவரை ஒவ்வொரு வாரமும் கண்காணிக்க வேண்டும், மறுபடி சீழ் வைத்தால் இந்த முறை வாய் மூடிக்கொள்ளவும் கூடும் என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"எடுத்துருங்கம்மா."

பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்: "குட்டி வேணும்னு நாந்தான் கேட்டேன். அவ கேக்கலையே தாயி."

பருவத்தின் ஹார்மோன்கள் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து ஆடி மாதத்தில் ஆபரேஷன். அதுவரை வாரம் ஒருமுறை ஸ்கேன். சீழ் நிறைந்து, நச்சு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த உடம்பில் அல்லாமல், நன்றாகத் தின்று ஓடிக்கொண்டிருந்த உடம்பில் நடந்தது அது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அந்த ஏழு ஊசிகள் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது குட்டியை அல்ல, இந்த ஒன்பது மாதத்தை. அந்த ஒன்பது மாதம் சிட்டுவுக்கு என்னவாக இருந்தது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. வேப்பமரத்தைச் சுற்றிய அந்த ஏழு முக்கால் மணி நேரங்கள் அவளுடையவை. அதன் பலன் என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது அப்பாவுடையது. கத்தி இல்லாத வைத்தியம் என்றால் வலி இல்லாத வைத்தியம் என்று அர்த்தமில்லை. வலியை யார் படுகிறார்கள், யாருக்காகப் படுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும். வயது, திறந்த வாய், சிறுநீரகம் என்று டாக்டர் போட்ட பட்டியலோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குட்டி வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. நோய் வருவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் கதை முடிந்தது. குட்டி வேண்டும் என்பவர்கள் நாய்க்கு வயது ஏறுவதற்கு முன் எடுத்துவிட்டு, அதன்பின் செய்துகொள்ளலாம்.

சிட்டுவுக்கு இப்போது எட்டு வயது. கொஞ்சம் பருத்துவிட்டாள், முகவாயில் நரை. இடுப்பு இப்போது கைக்கு அடங்காது. எங்கள் வழி அவளோடு முடிகிறது என்று அப்பாவே வருகிறவர்களிடம் சொல்கிறார், குரலில் பெரிய வருத்தம் இல்லாமல். அம்மாவிடம் அவர் ஏதாவது பேசினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, மதுரையில் ஒருவர் ஆபரேஷன் என்று சொன்னபோது, அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எடுக்காம, வைக்காம வேற வழி இருக்கா சார்? இருந்தா அதையும் சொல்லுங்க. அப்புறம் அவ என்ன சொல்றான்னு கேப்போம்."